ஜூன் 5 அன்று வராதீர்கள்: அடையாற்றங்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னைக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், நிறுவனங்களில் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்,

வணக்கம்.

மே மாதம் பாதி தாண்டியதும் எங்களைப் போன்ற சின்னத் தன்னார்வக் குழுக்களுக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். மரக்கன்று நட இருநூறு பேர் வருகிறோம். இடம் காட்டுங்கள். குழி மட்டும் முன்னாடியே வெட்டி வைத்துவிடுங்கள்." கேட்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருக்கிறோம். காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்குவதைவிட, பொதுவில் ஒருமுறை எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

1972-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு மாநாடு ஜூன் 5 அன்று தொடங்கியது. அதனால் வந்த தேதி அது. சென்னை மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊருக்கு ஆண்டு முழுதும் பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. ஜூன் முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் முடிந்திருந்தாலும் வெயில் தணிந்திருக்காது. அந்த மண்ணில் ஒரு முழ உயரக் கன்றை வைத்துவிட்டு எல்லாரும் போய்விட்டால், அடுத்த நாலு மாதம் தண்ணீர் ஊற்றுவது யார்? படம் எடுத்த பிறகு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இருநூறு பேர் ஒரே காலையில் இறங்கினால் கரை என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வேரைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பையைக் கிழிக்காமலே குழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. சிறப்பு விருந்தினர் வருவதற்குள் முடிக்க வேண்டுமே! தானாக முளைத்து நிற்கும் நல்ல செடிகள் காலில் மிதிபடுகின்றன. அப்புறம் தண்ணீர் பாட்டில், டிபன் தட்டு, ஃபிளெக்ஸ் பேனர். அவற்றைப் பொறுக்க ஒரு தனி ஞாயிறு போய்விடுகிறது.

எங்கே நடுவது என்பதும் லேசான விஷயமில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுத்திட்டுகளைப் பார்த்து "இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது" என்று பலர் கேட்கிறார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் அந்தச் சேறுதான் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் வீடு. குளிர்காலத்தில் வெகுதூரத்திலிருந்து வரும் உள்ளான் பறவைகளுக்கு இரை அங்கேதான் கிடைக்கிறது. அதை மரங்களால் நிரப்பினால் அவை இறங்க இடமில்லை. கிண்டி தேசியப் பூங்காவிலும் வெளிமானுக்கு வேண்டியது புல்வெளிதான், அடர்ந்த நிழல் இல்லை. எல்லா வெற்றிடமும் மரத்துக்காகக் காத்திருப்பதில்லை.

நட வேண்டிய இடத்திலும் எதை நடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்துப் போட்ட மரங்களில் குல்மோஹர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளம். கரையோரத்துக்கு நீர்மருது, நாவல், புங்கன், நீர்க்கடம்பு இருக்கின்றன. உப்புத்தண்ணீர் எட்டும் இடத்தில் பூவரசும் தாழையும் கண்டலும். கொஞ்சம் மேட்டு நிலமாக இருந்தால் வீரை, காசா, குருந்து போன்ற இந்தக் கடற்கரைக் காட்டின் சொந்த மரங்கள். இவை மெதுவாகத்தான் வளரும். ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஏற்ற மரங்கள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியானால் எங்களுக்கு என்னதான் வேண்டும்? ஆற்றங்கரையில் நடுகிற வேலை ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். மற்ற மாதங்களெல்லாம் களை, தண்ணீர், மூடாக்கு, குப்பை. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட நெருக்கமாகக் கிளைத்து வரும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை பரவுவதால், அதே இடத்தில் சின்னச் சின்னக் கன்றாக மறுபடி தலைகாட்டும்போது பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்குப் பின் ஈரமண்ணில் கையாலேயே வந்துவிடும். ஆறு மாதம் விட்டால் கடப்பாரை கேட்கும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். வாரிக் கரையோரம் போட்டு வைத்தால் அடுத்த மழை அதை ஆற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அன்றைக்கே ஏற்றிப்போக லாரி வேண்டும். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தாமல் கன்றுகளின் அடியில் பரப்ப வேண்டும். ஊன்றுகோலில் கட்டிய கயிறு தண்டை இறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதையும் மேடை போட்டுத் தொடங்கி வைக்க முடியாது.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினர் பங்குனி ஆமைகள் கரையேறும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். படிப்பு முடிந்து ஒரு செட் போனால் அடுத்த செட் வருகிறது. கோட்டூர்புரத்தில் இதே அடையாற்றின் கரையில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 முதல் மரப்பூங்காவாக வளர்த்தெடுத்தார்கள். இரண்டு வேலைகளிலும் ஒருநாள் கூட்டத்துக்குப் பெரிய பங்கு கிடையாது. திரும்பத் திரும்ப வந்தவர்களால் நடந்தவை அவை.

திட்ட அலுவலர்களே, உங்கள் மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேர ஞாயிறுகளாக வகுத்தால் நாற்பது ஞாயிறு வரும். அதில் பாதியைக் கொடுங்கள் போதும். இருநூறு பேர் வேண்டாம், இருபது பேர். ஆனால் அதே இருபது பேர். இரண்டாம் ஆண்டில் அவர்களே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். வருகைச் சான்றிதழைக் கன்று எண்ணிக்கையை வைத்துத் தராதீர்கள். போன ஆண்டு வைத்ததில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவரச் சொல்லி, அதைக் குறித்துக்கொடுங்கள்.

நிறுவனத்தார்க்கும் ஒரு வார்த்தை. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் நீங்கள் ஒதுக்கும் இரண்டு விழுக்காட்டை ஒரே ஆண்டில் நட்டு முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தொடர் திட்டம் என்று காட்டினால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை செலவழிக்க விதி இடம் கொடுக்கிறது. ஒரு கன்று தன் காலில் நிற்பதற்குத் தேவையான கோடைகள் அதற்குள் அடங்கிவிடும். டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் ஆகும் பணத்தில் ஏப்ரல், மே மாதத் தண்ணீர் லாரிக்குக் கொடுங்கள். கரையில் வாழும் ஒருவரைக் காவலுக்கும் பராமரிப்புக்கும் மாதச் சம்பளத்தில் வையுங்கள். இந்த ஆற்றை எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தன்னார்வலர் இருக்கிறார்களே என்று சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையை இலவசமாக்கிவிடக் கூடாது.

வருகிறவர்களின் உடம்பும் முக்கியம். சாக்கடை கலக்கிற ஆறு இது. சேற்றில் கண்ணாடித் துண்டு உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு, பாம்பும் உண்டு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, முன்கூட்டியே டெட்டனஸ் ஊசி. இவை இல்லாமல் மாணவர்களை ஆற்றில் இறக்க மாட்டோம். கரை நீர்வளத் துறையின் கையில் இருக்கலாம், பக்கத்துப் பூங்கா மாநகராட்சியின் கையில் இருக்கலாம். சீமைக்கருவேலத்தை அகற்றுவதாக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கைவைக்க வேண்டும்.

செப்டம்பரில் களையெடுத்துக் குழி வெட்டத் தொடங்குகிறோம். வருகிறவர்களுக்குக் குழி வெட்டும் வேலையும் உண்டு! பெயர்ப் பட்டியலை ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்பினால் யாருக்கு எந்தப் பகுதி என்று பிரித்துவிடலாம். ஏப்ரல், மே ஞாயிறுகளில் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அடையாற்றங்கரைத் தன்னார்வலர் ஒருவர்