தம்பியைத் தேடிக் கடலில் இறங்கியவர்களுக்கும், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர்களுக்கும்

பாக் நீரிணைக் கரையோரத்து மீனவ ஊராருக்கும், அங்கிருந்து ராமநாதபுரம் வரை எங்களுக்குத் துணையாக நின்ற அனைவருக்கும் வணக்கம்.

சென்ற தை மாதம், காணும் பொங்கலுக்கு மறுநாள், உங்கள் கரையிலிருந்து சுற்றுலாப் படகில் போன என் தம்பி உயிரோடு திரும்பவில்லை. அவனுக்கு வயது 24. இன்னும் சில வாரங்களில் ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தவுடனே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அப்போது எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நன்றியும் கோபமும் ஒன்றாகக் கலந்து வந்தன; இரண்டையும் பிரித்து எழுதும் நிதானம் எனக்கு வர இத்தனை மாதங்கள் ஆகிவிட்டன. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். படிக்கும்போது உங்களில் ஒவ்வொருவருக்கும் இது தன்னைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

முதலில், வத்தை என்னும் சிறு மீன்பிடிப் படகு வைத்திருக்கும் வத்தைக்காரர்களுக்கு. அன்று காலை வாடைக்காற்று ஓங்கி அடித்ததால் கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து வத்தைகளைக் கரையேற்றி வைத்திருந்தீர்கள். முகம் தெரியாத ஒரு வெளியூர்ப் பையனைக் காணவில்லை என்ற செய்தி கிடைத்த மாத்திரத்தில், எந்தக் காற்றுக்குப் பயந்து கரையில் நின்றீர்களோ அதே காற்றில் வத்தைகளைத் தள்ளிக்கொண்டு இறங்கினீர்கள். பரமக்குடியிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது மாலை மணி 4 இருக்கும். கடலில் படகுகள் வரிசையாகப் போவதையும் வருவதையும் பார்த்தபடி அம்மா மணலில் உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகும் டார்ச் வெளிச்சத்தில் தேடினீர்கள். வாடைக் காலத்து நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும், எத்தனை மணி நேரத்தில் எங்கே ஒதுக்கும் என்று உங்களில் மூத்த ஒருவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவர் சொன்ன இடத்துக்குச் சற்று அருகிலேயே மறுநாள் விடியற்காலையில் தம்பி கிடைத்தான்.

கரைக்குக் கொண்டுவரும் முன்பே அவன் முகத்தைத் துடைத்து, நெற்றியில் ஒட்டியிருந்த பாசியை எடுத்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டிருந்தீர்கள். யாரோ ஒருவர் தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்தியிருந்தார். அம்மா கடைசியாகப் பார்த்த முகம் தூங்குகிற முகமாக இருந்ததற்கு நீங்கள்தான் காரணம். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று என் மாமா பணத்தை நீட்டியபோது, "தம்பியத் தேடப் போனதுக்குக் காசு வாங்குற வழக்கம் எங்க ஊர்ல இல்லை, தாயி" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அன்று எதுவும் பேச முடியாமல் நின்றேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தமிழகக் காவல் துறையின் கடலோரக் காவல் குழுமத்தினரும், மண்டபத்திலிருந்து வந்த கடலோரக் காவல் படையினரும், தீயணைப்பு வீரர்களும் அந்த இரவு முழுவதும் கண் துஞ்சவில்லை. அவர்களுக்கும், 108 வண்டியில் அம்மாவின் தோளைப் பிடித்தபடியே ராமநாதபுரம் வரை வந்த பணியாளருக்கும், விடுமுறை நாளிலும் தாமதமில்லாமல் பிரேதப் பரிசோதனையை முடித்துக் கொடுத்த அரசு மருத்துவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி நான் எழுத வேண்டியது, தம்பி கிடைத்த பிறகு நீங்கள் செய்ததைப் பற்றி. அதுதான் கடினமான உதவி என்று இந்த ஓராண்டில் புரிந்துகொண்டேன்.

உடலைப் பெற்றுக்கொண்டு போன அன்றே, "கடலோடு விளையாடினால் இப்படித்தான்", "அவன் விதி அவ்வளவுதான்" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. படகுச் சவாரி நடத்தியவர்கள் தரப்பிலிருந்து வந்த ஒருவர், ஒரு தொகையைப் பேசி, எழுதித் தயாராக வைத்திருந்த தாளில் அம்மாவின் கையெழுத்தைக் கேட்டார். எங்கள் உறவினர்களிலேயே சிலர், போன உயிர் திரும்பியா வரப்போகிறது, வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்றார்கள். காவல் நிலையத்தில் முதலில் பதிவானது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில், அதாவது கடலில் மூழ்கி இறந்ததாக ஓர் இயற்கைக்கு மாறான மரணம் மட்டுமே. அந்தக் கோப்பு அப்படியே மூடப்பட்டிருந்தால், என் தம்பி நீச்சல் தெரிந்தும் அசட்டுத் துணிச்சலால் செத்தவன் என்பதே ஊர் அறிந்த உண்மையாக நிலைத்திருக்கும்.

மூடவிடாமல் தடுத்தவர்களில் முதலாவதாகக் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டின் ஓரத்தில் அந்த லைஃப் ஜாக்கெட்டைக் கண்டெடுத்தது நீங்கள்தான். பிறகு அதை நானும் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளுத்துச் சந்தன நிறமாகியிருந்தது. முன்பக்கம் மூன்று கொக்கிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் முழுதாக இருந்தது. ஒன்று அடியோடு இல்லை. இன்னொன்றில் பாதிப் பல் உடைந்து போயிருந்தது. அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து நீல நைலான் கயிற்றுத் துண்டால் கட்டியிருந்தார்கள். கயிற்றின் நுனி பிசிறாமல் இருக்க நெருப்பில் சுட்டு உருக்கியிருந்தது. அந்த உருகிய முனை அழுக்கேறிக் கருத்திருந்தது. அன்று காலையில் அவசரத்துக்குப் போட்ட முடிச்சு அதுவல்ல, பல மாதங்களாக அப்படியே கட்டிக் கட்டி ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல அந்தக் கறுப்பு முனை ஒன்றே போதும். கழுத்துப் பக்கம் தையல் பிரிந்து உள்ளே இருந்த நுரைப் பஞ்சு தெரிந்தது. அலையில் விழுந்தவனை முகம் மேலே இருக்கும்படி தாங்க வேண்டிய சட்டை, முடிச்சு அவிழ்ந்து தலைக்கு மேலாகக் கழன்று போயிருக்கிறது.

அதைக் கேட்டு ஆள் வந்தபோது நீங்கள் கொடுக்கவில்லை. சாக்கில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்து, காவல் துறையினர் வந்தபோது ஒப்படைத்தீர்கள். அதைக் கைப்பற்றியதற்காகக் காவல் துறை எழுதிய மகஜரில் உங்களில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும் அந்தக் கைகள் அந்தத் தாளில் போட்ட கையெழுத்தை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்து, கரையில் பனங்கிழங்கு விற்கும் அக்காவுக்கு. அன்று காலை படகு கிளம்பும் முன் என்ன நடந்தது என்பதைக் காதால் கேட்டவர் நீங்கள். 11 பேரை ஏற்றிக்கொண்டு போக ஒரே ஒரு வழிகாட்டி. அவனும் 19 வயதுப் பையன். "காத்து கூடுது, இன்னைக்கு வேண்டாம்ணே" என்று அந்தப் பையன் சொன்னதையும், பணம் வாங்கியாகிவிட்டது, கிளம்பு என்று அவனுக்கு மேலே இருந்தவர் சொன்னதையும் நீங்கள் வாக்குமூலமாகக் கொடுத்தீர்கள். உங்கள் தட்டுக்கடை அவர்கள் அலுவலகத்துக்கு எதிரிலேயே இருந்தது. சொன்ன பிறகு கடையை இடம் மாற்ற வேண்டி வந்ததையும், பொங்கல் பருவத்தின் மிச்ச வியாபாரம் கெட்டதையும் நான் பின்னால்தான் அறிந்தேன். முழுப் பொறுப்பையும் அந்தச் சிறுவன் தலையில் கட்டிவிட நடந்த முயற்சி உங்கள் வாக்குமூலத்தால்தான் நின்றது. அவன் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. தம்பி மூழ்கியபோது இரண்டு முறை கடலில் குதித்துத் தேடியவன் அவன். அவனிடம் ஒரு மிதவை வளையமும் ஒரு நீளக் கயிறும் கொடுத்து அனுப்பியிருந்தால் இன்று இரண்டு குடும்பங்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

இந்தக் கடலைப் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். பெண் கடல் சாது, குளம் மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் தம்பியிடமும் நண்பர்களிடமும் ஆளுக்கு 800 ரூபாய் வாங்கினார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அது உண்மையாக இருக்கலாம். வாடைக் காலத்தில் கலங்குவது இந்தப் பெண் கடல்தான் என்பது இந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்; தொழில் நடத்தியவர்களுக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் மறைத்ததைத்தான் நான் கவனக்குறைவு என்கிறேன். எனக்கு அது கவனக்குறைவு என்ற சொல்லைவிடக் கனமாகவே தெரிகிறது.

உடன் போன நண்பர்களில், காட்சிகளைத் தன் கைபேசியில் பதிவு செய்திருந்த மாணவத் தம்பிக்கு ஒரு தனி நன்றி. கட்டிய கயிறு உன் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. அதோடு நீ நிறுத்தவில்லை. தண்ணீரில் இருந்த என் தம்பியைப் படகில் ஏறி வா என்று வழிகாட்டி ஒருமுறை கூப்பிட்டதையும், இன்னும் ஐந்து நிமிடம் என்று அவன் கேட்டதையும் சேர்த்தே சொன்னாய். எங்களுக்குச் சாதகமில்லாததைச் சொல்லிவிட்டேனே என்று பின்னால் என்னிடம் அழுதாய். அழாதே, தம்பி. அதையும் நீ சொன்னதால்தான் மற்றதை எல்லோரும் நம்பினார்கள். என் தம்பிக்கு ஊருணியில் கற்ற நீச்சல்தான் தெரியும், கடல் தெரியாது. கடல் தெரியாதவர்களை அழைத்துப்போவதற்குத்தானே கட்டணம் வாங்கினார்கள்.

இந்த வாக்குமூலங்களுக்குப் பிறகு வழக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவுக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமாக, மாற்றப்பட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டுகளாக இருந்த சிறைத் தண்டனை இப்போது 5 ஆண்டுகள். நெருக்கடிக்கு அசையாமல் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த காவல் அதிகாரிக்கு எங்கள் வணக்கம்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்களுக்கு நியமித்த வழக்கறிஞர் அம்மாவிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தால் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். சவாரிக்கு முன் தம்பி கையெழுத்திட்ட ஆங்கிலத் தாளை எங்கள் முன்னால் நீட்டி, எல்லாம் என் சொந்தப் பொறுப்பு என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான், இனி வழக்கே இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னபோது நாங்கள் கலங்கிப்போனோம். கடலுக்கு இயல்பாக உள்ள ஆபத்தை ஒருவன் ஏற்றுக்கொள்ளலாம், உடைந்த கொக்கியை அவன் எங்கே ஏற்றுக்கொண்டான், குற்ற வழக்கைத் தடுக்கும் சக்தி எந்தத் தாளுக்கும் கிடையாது என்று பொறுமையாக விளக்கினார் வழக்கறிஞர். 1995 மே 28 அன்று பியாஸ் ஆற்றில் சுற்றுலாப் போன பள்ளி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று ஏற்று, குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்த தீர்ப்பை அவர் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். "பதினாலு அம்மாவா" என்று மட்டும் அம்மா கேட்டார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்காக 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இறந்தவரின் சட்டப்படியான வாரிசும் கொடுக்கலாம். அம்மாவின் புகாரை நுகர்வோர் ஆணையம் ஏற்றுக்கொண்டுள்ளது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தையும் வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். அதில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கே இழப்பீடு உண்டு, உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. அவனைத் தூக்கி வளர்த்த அக்காவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அது எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தம்பியும் நானும் காரங்காட்டுக்குப் போயிருந்தோம். ஊராரும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி. என் லைஃப் ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கி மாட்டும் வரை படகுக்காரர் கிளம்ப மறுத்துவிட்டார். தம்பி என்னைக் கேலி செய்துகொண்டே குனிந்து மாட்டிவிட்டான். இதே மாவட்டத்தில், இதே தொழிலில், முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடற்சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரிலும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

படகுத்துறையில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு பலகை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 என்ற இரண்டு எண்களையும் எழுதி, அடியில் "கொக்கியைப் பார்த்து ஏறுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களாம். படம் அனுப்பியிருந்தீர்கள். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

வரும் தையில் முதலாண்டுத் திதி. பரமக்குடியில் காரியத்தை முடித்துவிட்டு, அன்று மாலையே உங்கள் கரைக்கு வருகிறோம். தம்பிக்குப் பிடித்த சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஊருக்கே போதுமான அளவு சமைத்துக்கொண்டு வருவேன் என்று அம்மா இப்போதே பாத்திரங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். டீசல் காசை மறுத்துவிட்டீர்கள். இந்தச் சோற்றை மறுக்காமல், வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்கு என்றும் கடமைப்பட்ட,
அவனுடைய அக்கா,
பரமக்குடி.