நாகர்கோவில் தொகுதியும் நம் பழைய நாட்களும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பேரனின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. "நம் தொகுதி மட்டும் ஏன் எப்போதும் மாநிலத்தோடு ஒத்துப்போவதில்லை?" என்று கேட்டான். நீயோ, எல்லாம் சாதி, மதக் கணக்கு என்று எழுதியிருக்கிறாய். அது பாதிதான் என்று எனக்குப் படுகிறது.

நாம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன்பே நடந்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் நாகர்கோவிலில் வென்ற நேசமணி, அந்த இணைப்புக்காகப் போராடிய தலைவர். மொழிக்கான போராட்டத்தை இங்கே காங்கிரஸ்காரர்களாக அறியப்பட்டவர்களே நடத்தினார்கள். மற்ற மாவட்டங்களில் தி.மு.க. வளர்ந்த வழி இங்கே அகலமாகத் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1968இல் நேசமணி மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் காமராஜர் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் 1,285 வாக்குகளில் தோற்றிருந்தார். "சொந்த ஊர் கைவிட்டவரை நாம் விடலாமா?" என்று உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. 1969 ஜனவரி இடைத்தேர்தலில், ஆளுங்கட்சியான தி.மு.க. ஆதரித்த சுதந்திரா கட்சி வேட்பாளரை இங்கே காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபின், 1971இல் காமராஜர் இருந்த பழைய காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதி, அவர் மீண்டும் வென்ற நம்முடையதுதான். அவர் கண்மூடியபோதும் நம் உறுப்பினராகவே இருந்தார். எனக்கு இதில் இன்றும் பெருமை உண்டு.

1977இல் குமரி அனந்தன். பிறகு 1980 முதல் 1998 வரை டென்னிஸ் ஆறு முறை, முதல் நான்கும் காங்கிரஸ் சார்பில், கடைசி இரண்டும் அதிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். 1999இல் பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன், 2004இல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின். தொகுதி கன்னியாகுமரி என்று பெயர் மாறிய 2009இல்தான் ஹெலன் டேவிட்சன் தி.மு.க.வுக்கு வென்று கொடுத்தார். 2014இல் மாநிலத்தின் 39 இடங்களில் 37ஐ அ.தி.மு.க. அள்ளியபோது இங்கே பா.ஜ.க. முதலிடம், தனித்து நின்ற காங்கிரஸ் இரண்டாமிடம்! இரண்டு திராவிடக் கட்சிகளும் அவற்றுக்குப் பின்னால்தான். 2019இல் வென்ற வசந்தகுமாரை மறு ஆண்டே கொரோனா கொண்டுபோனது. நேசமணி, காமராஜர், வசந்தகுமார் என்று பதவியிலிருக்கும்போதே மூவரை இழந்திருக்கிறோம். 2021 இடைத்தேர்தலிலும் 2024இலும் வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் வென்றார்.

இப்போது சொல், வெறும் மதக் கணக்கு என்றால் விருதுநகர்க்காரர் ஒருவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருப்போமா?

பேரனுக்கு நான் சொன்னதெல்லாம் வெறும் ஆண்டுகளும் பெயர்களும்தான். 1969இல் உன் அப்பா பூத் ஏஜெண்டாக இருந்துவிட்டு இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பியதை, பார்த்தவன் நீ, உன் கையால் அவனுக்கு எழுதி அனுப்பு.

உன் பழைய தோழன்