அண்ணனுக்காக அலைந்தவர்களுக்கு

பிறந்த வீட்டுப் பங்காளிகள், தாயபிள்ளைகள், பள்ளத்தூர்த் தெருக்காரர்கள், காரைக்குடியிலும் மதுரையிலும் கூடநின்ற எல்லாருக்கும் வணக்கம்.

அண்ணனுக்கு நுரையீரல் புற்று. வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால் போன் எடுக்கும் வேலையும் இந்த மடல் எழுதும் வேலையும் என் தலையில். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றிதான். ஆள் அதிகம், எனக்கும் மூட்டுவலி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரைக்குடி டாக்டரம்மாவுக்கு. வேறோர் இடத்தில் சளியில் கிருமியே தென்படாமல் காசநோய் மாத்திரை எழுதிக்கொடுக்க, அண்ணன் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். இருமல், எடை குறைவது, சளியில் ரத்தக்கீற்று, எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. நம் நாட்டில் நுரையீரல் புற்று பலருக்கும் பிந்திப் பிடிபடுவது இப்படித்தான். டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாகச் செருகி, பேனா முனையால் காட்டினார். "இத்தனை மருந்துக்கும் நிழல் சுருங்கலை, பெருசாயிருக்கு பாருங்க." பிறகு சி.டி. ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனை. எல்லாம் முடிந்து அவர் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா?"

மூன்று தலைமுறை வட்டிக் கணக்குப் பேரேடு எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வைத்த எவர்சில்வர் கரண்டிக்குக்கூடச் சிட்டை உண்டு. யார் எந்த நோயில் போனார் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

அந்த வரியைத் தந்தவர் கண்டனூர் அயித்தை. எங்கள் அப்பா, அப்பச்சி, இளைப்பில் போனார் என்று கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அயித்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இளைப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. நெஞ்சுல கட்டின்னு மதுரை டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. வீட்டுல பொம்பளைப் பிள்ளை நீ இருக்கே, நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வரணுமேன்னு வாயைப் பூட்டிக்கிட்டோம்." பக்கத்திலிருந்த உறவு ஒன்று, "பேத்திக்கு வரன் பாக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று தடுத்தது. அயித்தை காதில் வாங்கவில்லை. அயித்தை, இந்த மடலில் பெரிய கும்பிடு உங்களுக்குத்தான்.

அப்பச்சி பர்மாவில், மோல்மேன் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக இருந்த வயதிலேயே சுருட்டுப் பழகியவர். 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார், சுருட்டை விடவில்லை. லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் எழுதி வெளியிட்டார்கள். அப்பச்சி அந்நேரம் பர்மாச் சுருட்டு கிடைக்காமல் உறையூர்ச் சுருட்டுக்கு மாறியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அயித்தை தொடங்கியதை, முன்னோருக்கான படைப்புக்கு வந்த கோயம்புத்தூர்த் தம்பி பிடித்துக்கொண்டான். பந்தி முடிந்ததும் பட்டாலையில் நோட்டோடு உட்கார்ந்து, வந்த பங்காளிகளிடம் எல்லாம் கேட்டான். யார், என்ன வயதில், என்ன நோய், பீடியா சுருட்டா சிகரெட்டா, எத்தனை வருஷம். முகம் சுளிக்காமல் சொன்னவர்களுக்கு நன்றி. சுளித்துக்கொண்டே சொன்னவர்களுக்கும்.

அந்த நோட்டைப் பார்த்து டாக்டரம்மா விளக்கியதை இங்கே எழுதிவிடுகிறேன், பலர் பயந்துபோய்ப் போனில் கேட்கிறீர்கள். பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால், நமக்கு வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. சிகரெட் பிடிப்பவருக்கோ, பிடிக்காதவரைப் போல் 15 முதல் 30 மடங்கு. அந்த ஒன்றரையிலும் ரத்தத்தோடு வந்தது எவ்வளவு, ஒரே வளவில் அப்பச்சி விட்ட புகையை நாங்கள் இழுத்ததால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது லேசில்லையாம். எனக்கும் அந்த ஒன்றரை உண்டு. அண்ணனுக்கு அதோடு சிகரெட்டும் சேர்ந்துகொண்டது. ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுச் சோதனை என்று கண்டதும், "பிள்ளைகளுக்கும் இறங்குமா?" என்று கேட்டீர்களே, அந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியின் செல்லில் பின்னால் உண்டாவது, வம்சவழியில் வருவது அபூர்வம். எந்த மாத்திரை கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை.

அம்மான் மகன் ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருஷமாக ஊதுகிறவர். அவர் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துக்கொண்டார், அது நியாயம். அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2011இல் வந்தது. நிறையப் புகைத்தவர்களுக்கு வருஷாவருஷம் இந்த ஸ்கேன் எடுத்ததில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைந்திருந்தது. இதைக் கேட்டு, பீடியைக் கையால் தொடாத மருமகப்பிள்ளைகளும் வரிசை கட்டினார்கள். "உங்களுக்கு வேண்டாம். பழைய காசநோய்த் தழும்பைக் கட்டின்னு நினைச்சு, ஊசி குத்தி, தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும்" என்று திருப்பியனுப்பினார் ஸ்கேன் சென்டர் டாக்டர். வருகிற காசை வேண்டாம் என்றவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரை எப்படி விடுவது? கடைத் தூணில் கனன்றபடி ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும், பற்றவைக்க. அண்ணன் தலை தெரிந்ததும் அதைத் தரையில் நசுக்கி அணைத்துவிட்டு, "செட்டியாரே, இஞ்சி டீ போடவா?" என்பார். தினசரி வியாபாரத்தை அவராக விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒன்று. "இலைதானே ஆச்சி, ஒண்ணும் பண்ணாது" என்று அவர் மட்டும் பீடியை விடாமல் வைத்திருக்கிறார். பீடி அணைந்து அணைந்து போவதால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது, தாரும் நிகோடினும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகிறது. நன்றியோடு இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில்தான் அண்ணன் மகன் பேசி வழி கேட்டான். ஆப்பரேஷனுக்கு முன்னால் அண்ணன் நிறுத்தியது அப்படித்தான்.

மதுரையில், மூன்று பந்து உள்ள மூச்சுக்கருவியை நீட்டி, "மூணாவது பந்து ஏறினாத்தான் காபி" என்று அண்ணனை மிரட்டிய நர்சுப் பெண்ணுக்கு, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, தூக்குச் சட்டியில் இடியாப்பம் அனுப்பிக்கொண்டேயிருந்த எதிர்வீட்டு ஆச்சிக்கு, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய அண்ணன் மனைவி அண்ணமிண்டிக்கு நன்றி.

பேத்தியைப் பார்க்க வந்த வீட்டாருக்கும் ஒரு நன்றி பாக்கி. அயித்தை சொன்னதை மறைக்காமல் அவர்களிடம் சொன்னோம். அந்த வீட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க மாமனாருக்கும் அதேதான். எழுதிக்கிறதுன்னா எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டோம். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. விட்டுப்போன பெயர் இருந்தால் அடுத்த படைப்புக்கு வரும்போது சொல்லுங்கள். அண்ணனைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பழக்கூடை வேண்டாம், வீட்டில் ஆப்பிள் அழுகிக் கிடக்கிறது.

அன்புடன்,
பள்ளத்தூரில் பிறந்து தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி