அஞ்சு வருஷ அனுபவம் கேட்டா ஆளு எங்க இருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இன்ஜினியரிங் முடிச்ச பசங்க வேலை இல்லாம அலையுறத பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், மனசு கேக்கல, ஏன்னா எங்க ஆபீஸ்ல பதினோரு மாசமா ஒரு ப்ரோக்ராமர் சீட்டு காலியா கெடக்கு, ஆளே கிடைக்கல.

நான் அம்பத்தூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில சிஸ்டம்ஸ் பாக்குறேன். ஸ்டோர்ஸ், பில்லிங், சம்பளம் எல்லாமே ஏஎஸ்/400ங்கிற ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தான் ஓடுது. 1988ல ஐபிஎம் கொண்டு வந்தது, இப்ப பேரு ஐபிஎம் ஐ, மெஷின் புதுசு தான், ஆனா 90கள்ல ஆர்பிஜிங்கிற கம்ப்யூட்டர் மொழில எழுதுன ப்ரோக்ராம் இன்னைக்கும் அப்படியே ஓடுது. பழசு பழசுன்னு பேசுறாங்க, மெஷினால எங்க வேலை நின்னதே அபூர்வம் சார், ஆளு இல்லாம தான் நிக்குது.

ஒரு மாசக் கடைசில ராத்திரி பதினோரு மணிக்கு பில்லிங் ஜாப் பாதில நின்னுடுச்சு. எம்சிஎச்1202, டெசிமல் டேட்டா எரர்னு மெசேஜ் வந்துச்சு. நம்பர் இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஸ்பேஸ் ஏறியிருக்கு, தெரிஞ்சவங்களுக்கு பத்து நிமிஷ வேலை. கேட்ல லோடு ஏத்துன லாரி நிக்குது, பில்லு இல்லாம வெளிய போக முடியாது, ரிட்டயர் ஆன எங்க பழைய சார தூக்கத்துல எழுப்பி அவர் போன்ல சொல்ல சொல்ல நான் அந்த ரெக்கார்ட தேடி சரி பண்ணேன். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப எக்சைஸ், வாட் எல்லாத்தையும் எடுத்துட்டு ப்ரோக்ராம மாத்திக் குடுத்ததும் அவரு தான். இப்ப அவருக்கு 71 வயசு.

இன்டர்வியூக்கு வர்றவங்க ரெஸ்யூம்ல ஏஎஸ்/400னு இருக்கும், கேட்டா பேக்கப் எடுத்திருக்கேன்பாங்க, ஒரு சப்ஃபைல், அதாவது ஸ்க்ரீன்ல லிஸ்ட் காட்டுற ப்ரோக்ராம், எழுத சொன்னா முழிப்பாங்க. நல்லா தெரிஞ்சவங்க பெரிய ஐடி கம்பெனில வெளிநாட்டு ப்ராஜெக்ட்டுக்கு போயிடுறாங்க, அந்த சம்பளம் எங்களால குடுக்க முடியாது. அமெரிக்காவுலயே 2020 ஏப்ரல்ல கொரோனா நேரத்துல நியூ ஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி, கோபோல்ங்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிஞ்சவங்க உதவிக்கு வாங்கன்னு பிரஸ் மீட்ல கேக்குற நிலைமை வந்துச்சே.

ஆனா தப்பு எங்க மேலயும் இருக்கு. விளம்பரத்துல ஹெச்ஆர் அஞ்சு வருஷ அனுபவம்னு போடுறாங்க, எல்லா கம்பெனியும் அதையே கேட்டா முதல் வருஷத்த அந்தப் புள்ளைங்க எங்க போய் கத்துக்கும்? போன வருஷம் ட்ரெய்னியா வந்த ஒரு பிஎஸ்சி படிச்ச பொண்ணுக்கு நானே சாயங்காலம் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். பழைய ஆர்பிஜில கணக்கு வரிக்கு ஆறாவது எடத்துல 'சி'ங்கிற எழுத்த போடணும், ஒரு எடம் தள்ளிப் போனாலும் கம்பைல் ஆகாது, ரெண்டு வாரம் அதுலயே அழுகை வர்ற அளவுக்கு கஷ்டப்பட்டுச்சு. அப்புறம் எடம் எண்ணாம எழுதுற புது ஃப்ரீ ஃபார்மட்டும், ப்ரோக்ராம் எழுதுற விஎஸ் கோட் சாஃப்ட்வேரும் காட்டுனேன், பழகுறதுக்குன்னே நெட்ல இருக்குற பப்400ங்கிற சர்வர்ல இலவசமா அக்கவுண்ட் வாங்கி வீட்ல ராத்திரி ராத்திரி பழகிச்சு, நாலே மாசத்துல ஸ்டோர்ஸ் ரிப்போர்ட்ட தனியா மாத்துது. அந்த காலி சீட்டுக்கு அத போடலாம்னா, அனுபவம் பத்தாதுன்னு ஃபைல் திரும்பி வருது.

கம்பெனி நடத்துறவங்களும் காலேஜ்காரங்களும் படிக்கிற பத்திரிகை உங்களோடது, ஃப்ரெஷர எடுத்து ஆறு மாசம் சம்பளத்தோட சொல்லிக் குடுங்கன்னு நீங்க எழுதணும் சார். வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து சொல்லித் தர்றேன், வண்டி மட்டும் அனுப்புங்கன்னு எங்க பழைய சார் சொல்லி மூணு மாசம் ஆகுது, மேல எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை