கோயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்து வையுங்க, சாமி

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் தோத்திரம்.

நவம்பர் 30, கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. "விழிப்பாயிருங்கள்" என்ற நற்செய்தியை வாசித்து, அருமையான பிரசங்கமும் வைத்தீர்கள். மறுநாளிலிருந்து கோயில் ஏழு மணிக்கே பூட்டப்படுகிறது. கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கு வரும் கூட்டத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியாது, உண்டியலுக்குப் பாதுகாப்பில்லை என்று காரணம் சொன்னார்கள்.

ஏழு மணிக்கு இந்தப் பங்கில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிய ஒன்பதாகும். அந்த ஒன்றரை கிடைப்பதே இப்போது பெரிசு.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில், ஒரு அக்கா, செக்கிங் வேலை பார்க்கிறார். அவர் வீட்டுக்காரர் போகும் கம்பெனி அமெரிக்க ஆர்டரை நம்பி ஓடியது. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமான பிறகு அங்கே வாரத்தில் பாதி நாள் மெஷின் ஓடுவதில்லை. சனிக்கிழமைச் சம்பளம் பாதியாகிவிட்டது. லைன் வீட்டு வாடகை பாதியாகவில்லை. ஒரே அறையில் மாமியார், பிள்ளைகள், அடுப்பு எல்லாம். அழுவதற்குக்கூடத் தனியிடம் கிடையாது. வேலை விட்டு வரும் வழியில் கோயிலில் நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். இப்போது பூட்டிய கேட்டுக்கு வெளியே, சாக்கடை சிலாப்பின் மேல் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார். கேட்டுக்கு உள்ளே ஒத்திகையில் "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வரும் 14ஆம் தேதி, ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றும் ஞாயிறு. சிறையில் கிடந்த திருமுழுக்கு யோவான் தம் சீடர்களை அனுப்பி, வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்ட பகுதியை வாசிப்பீர்கள். யோர்தானில் ஆண்டவருக்கே திருமுழுக்குக் கொடுத்தவர் அவர். அவருக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது, போய்ச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினார். சிறைக்கதவு என்னவோ திறக்கவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் யோவான் மீதி நாளைக் கழித்திருக்க வேண்டும். ஆனாலும் சந்தேகத்தை வேறெங்கும் கொண்டுபோகாமல் அவரிடமே அனுப்பினாரே, எனக்குப் பலம் தருவது அதுதான். அக்காவும் அதைத்தான் செய்கிறார். என்ன, சிலாப்பில் உட்கார்ந்து செய்கிறார்.

இந்த நான்கு வாரமும் பூசையில் வானவர் கீதம் பாடுவதை நிறுத்துகிறோம், பீடத்தில் பூவைக் குறைக்கிறோம், நீங்கள் ஊதா உடுத்துகிறீர்கள். வாசலைத் தாண்டினால் டிசம்பர் முதல் வாரமே கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம், கேரல் வண்டி. மெயின் ரோட்டு வீடுகளுக்கு மூன்று பாட்டு, லைன் வீடுகளுக்கு ஒன்று. காணிக்கைக் கவரின் கனம் பார்த்துத்தான் கீபோர்டு வாசிக்கும் போல. ஸ்டாருக்கு நன்கொடை தந்தவர்கள் பெயரெல்லாம் ஃபிளெக்ஸில் பளிச்சென்று இருக்கிறது. பாலன் இயேசுவைத்தான் ஒரு மூலையில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் காலத்தில் நமக்குத்தான் எவ்வளவு அவசரம்!

மன்னிக்கணுங்க சாமி, கேட்க வந்தது இதுவல்ல. கலைநிகழ்ச்சி நடக்கட்டும், பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள். ஸ்டாரும் எரியட்டும். உண்டியல்தான் கவலை என்றால் ராத்திரியில் அதை மட்டும் எடுத்து, நீங்கள் பூசை உடை மாற்றும் சக்கிரீஸ்து அறையில் வைத்துப் பூட்டிவிடலாம். பேழைக்கு முன்னால் ஒரு விளக்கும் பின்வரிசை பெஞ்சுகளும் போதும். மைக் சத்தத்தை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் இன்னும் நல்லது.

24ஆம் தேதி வரை, தினமும் ராத்திரி பத்து மணிவரை கோயிலைத் திறந்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்றால் எங்கள் அன்பியத்தில் ஆளுக்கொரு நாள் வாசலில் உட்காருகிறோம். பேசிவிட்டோம், எல்லோருக்கும் சம்மதம். சாவியை யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் ஞாயிறு பூசை அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு டெய்லர்,
திருப்பூர்