கிரே கோஸ்ட் பெட்டியில் காட்டுக்கோழி இல்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் தூண்டில் இரை) கட்டும் பெட்டியில் தவறான பொருட்கள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் தளத்தில் போட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, தமிழிலேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் 14 அன்று, 'கிரே கோஸ்ட்' ஸ்ட்ரீமர், அதாவது பொடிமீன் போலத் தோன்றும் ஃப்ளை, பத்துக் கட்டுவதற்கான பெட்டியை 46 டாலருக்கு வாங்கினேன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ரேஞ்ச்லி ஏரிகளில் பனி உருகியதும் ஸ்மெல்ட் என்கிற, நெத்திலி போன்ற பொடிமீன் ஓடைகளில் ஏறும். பின்னாலேயே சால்மன் வரும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் வாங்கியது.

முதலில் தூண்டில் முள். கிரே கோஸ்டுக்குத் தண்டு நீண்ட முள் வேண்டும். நீங்கள் அனுப்பியது குட்டை முள். அதில் நாலு சாம்பல் சேவல் இறகையும் வைத்துக் கட்டினால், வீசும்போதெல்லாம் இறகு முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது. பொடிமீன் போல நீந்த வேண்டியது நனைந்த துடைப்பம் போல வருகிறது.

ஆரஞ்சுப் பட்டு நூலும் வெள்ளிச் சரிகையும் நன்றாகவே இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குறிப்புத்தாளில் வெள்ளை மான்வால் முடியைத் தண்டின் மேல் கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அது மயில்பீலி இழையோடு அடியில், வயிற்றுப் பக்கம் வரவேண்டியது.

பெரிய குறை கன்னத்தில், அதாவது ஃப்ளையின் தலைக்கு இருபுறமும் வைக்கும் இறகில். பெட்டியின் மேல் 'அசல் ஜங்கிள் காக் இறகு' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்தவை இறகுப் படம் அச்சடித்து வெட்டிய 20 பிளாஸ்டிக் துண்டுகள். ஜங்கிள் காக் என்று நீங்கள் சொல்வது எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலை. போடி மலையடிவாரத்தில் விடியற்காலையில் அது கூவுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதன் கழுத்து இறகில் மெழுகை உருக்கிச் சொட்டியது போல வெளிர்மஞ்சள் பொட்டு இருக்கும். தடவினால் நகம் மாதிரி வழவழக்கும். உங்கள் துண்டு இரண்டாம் நாளே மை கரைந்து வெளுத்துவிட்டது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவையை வேட்டையாடக் கூடாது. காட்டு இறகு நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு கடைகளில் கிடைக்கிறதே! அது கட்டுப்படியாகாது என்றால் 'போலி' என்று போட்டு விற்றிருக்கலாம், வாங்கியிருப்பேன்.

பெட்டி மேல், கிரே கோஸ்டை உருவாக்கிய கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணியின் பெயர் வேறு. 1924 ஜூலை 1 அன்று அதே ரேஞ்ச்லி பகுதியின் அப்பர் டேமில், தான் கட்டிய ஃப்ளையில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ட்ரவுட் பிடித்தவர் அவர். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்கூட இல்லாமல் விரலிலேயே பிடித்துக் கட்டியவர். அவர் பெயரில் ஸ்டிக்கரா விற்பது?

போனில் பேசிய உங்கள் ஊழியர், "மீனுக்கு வித்தியாசம் தெரியாது சார்" என்றார். தெரியுமோ தெரியாதோ, 46 டாலர் கொடுத்தது மீன் இல்லை.

முழுப் பணமும், திருப்பி அனுப்பும் தபால் செலவும் வேண்டும். 'அசல்' என்ற சொல்லையும் பெட்டியிலிருந்து எடுங்கள். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். கட்டிய மூன்று ஃப்ளையையும் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன், பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்