தம்பலகாமத்துக் களரிக்கு வழி

திருகோணமலை

அன்பின் சிவம்,

கடிதம் கிடைத்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சுகமாகி மத்தளத்தைத் திரும்பவும் கையில் எடுத்துவிட்டார் என்ற செய்தி எல்லாரையும் சந்தோசப்படுத்தியது. இங்கே பெரும்போக நெல் வெட்டு முடியும் தறுவாய். வயல் ஒழிந்ததும் கூத்தாடக் களரி, அதுதான் ஆடுமேடை, போட்டுவிடுவார்கள். நீ கேட்ட வழியை எழுதுகிறேன். மற்றப் பக்கங்களால் வருகிறவர்களுக்கும் இதையே காட்டு.

முதலில் ஒன்று. தம்பலகாமம் என்பது ஊருக்கும் பெயர், ஏ-6 வீதியில் உள்ள சந்திக்கும் பெயர், ரயில் நிலையத்துக்கும் பெயர். போனில் வெறும் பெயரைப் போட்டு வராதீர்கள். ஆதிகோணநாயகர் கோவிலைப் போடுங்கள், ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும்.

மட்டக்களப்பிலிருந்து நீங்கள் ஏ-15 ஆல் வாருங்கள்: வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. வாழைச்சேனையிலேயே எண்ணெய் நிரப்பிவிடு, வாகரை தாண்டினால் மூதூர் வரைக்கும் பெற்றோல் செட்டை நம்பாதே. உங்கள் பழைய கூத்தர்மார் இன்னும் வாகனங்களைத் தண்ணீரில் ஏற்றிக் கடத்தும் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும் என்று நினைப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்தாயிற்று. ஆனால் நீங்கள் அந்தப் பாலத்தில் ஏறவே கூடாது. ஏறினால் சீனக்குடாவுக்குப் போய், அங்கிருந்து கண்டி வீதியால், அதாவது ஏ-6 ஆல், வீணாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பாலத்துக்கு முன்பே கிண்ணியாவில் இடப்பக்கம் தம்பலகாமம் வீதியைக் கேட்டுத் திரும்பு.

அந்த வீதியில்தான் கவனம் வேண்டும். அறுவடைக் காலத்தில் றோட்டின் பாதியில் நெல் காயும். அதைச் சுற்றிக் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள், மம்மல் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. டயர் நெல்லில் ஏறினால் பிரேக் பிடித்தாலும் வழுக்கும். எதிரே வாகனம் வந்தால் நீயே நின்று வழி விடு. காய்கிற நெல்லின் மேலே ஏற்றிப் போகாதே, அது ஒரு வீட்டின் ஆறு மாதப் பாடு. அந்தி நேரத்தில் மாடும் எருமையும் பட்டிக்குத் திரும்பும். ஹோர்ன் அடித்தால் கலைந்து குறுக்கே ஓடும், பேசாமல் ஊர்ந்து போவதுதான் நல்லது.

மழைக் காலத்தில், கார்த்திகை, மார்கழியில், யாராவது வருவதென்றால் வெருகல் பக்கத்தை முதலில் விசாரிக்கட்டும். மகாவலி பெருகினால் அந்தப் பக்கம் தண்ணீருக்குள் போய்விடும்.

கொழும்பு, கண்டி ஆட்கள் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ-6 ஆல் வரட்டும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் ஏறத்தாழ 45 கி.மீ. யானைக் காடு. மாலை ஐந்துக்குள் அதைக் கடந்துவிட வேண்டும். யானை நின்றால் இறங்கிப் படம் எடுக்காமல் தூரத்தில் நிற்கச் சொல். கந்தளாய், முள்ளிப்பொத்தானை தாண்டி தம்பலகாமச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். துறைமுகத்து மா லொறியும் சீமெந்து லொறியும் பாரத்தோடு எதிரே வேகமாக வரும். சிக்னலை முன்கூட்டியே போட்டு, நடுக்கோட்டோடு ஒட்டி நின்று திரும்பட்டும்.

யாழ்ப்பாணத்தார் வவுனியாவில் ஏ-29 ஐப் பிடித்து, ஹொரவப்பொத்தானையில் இடப்பக்கம் ஏ-12 க்கு ஏறி, கன்னியா தாண்டித் திருகோணமலைக்கு வரலாம். அனுராதபுரச் சந்தியில் வலம் திரும்பினால் கண்டி வீதி. சீனக்குடா, கப்பல்துறை கடந்து வந்தால் தம்பலகாமச் சந்தியில் இடப்பக்கம்.

கரப்புடுப்பை, பிரம்பு வைத்துக் கட்டிய கூத்துடுப்பை, வானின் கூரையில் கட்டாதே. கடற்கரைக் காற்றுப் பிடித்துப் பிரம்பு ஒடியும். பின் சீற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு. மத்தளத்தைச் சாரத்தால் சுற்றி, வெயில் படாத பக்கம் வை. இரவுப் பனியில் தோல் இளகும், சூடுகாட்ட இங்கே நெருப்பு இருக்கும்.

பின்னேரம் நாலு மணிக்குள் வந்துவிடுங்கள். கிண்ணியாவில் நின்று ஒரு கோல் எடு, கோவிலடிக்கு ஆள் அனுப்புகிறேன். எத்தனை பேர், எத்தனை வான் என்று முன்கூட்டியே எழுது. இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி போடவேண்டும்.

அன்புடன்,
ராசன்